கோடை இடிமழையை வகுப்பறையில் கணிப்போம்

பங்குனியிலும் சித்திரையிலும் கம்பம் பள்ளத்தாக்கில் மழை வருகிற நேரமும் பள்ளி விடுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். நண்பகலில் வெயில் கொளுத்தும். இரண்டு மணிக்கு மேல் மலைமுகட்டில் வெள்ளையாக ஒரு திட்டு எழும்பும். நான்கு மணிக்குள் அது கருத்து, காற்று சுழன்றடித்து, இடி இறங்கிவிடும். அந்த நேரத்தில்தான் நம் பிள்ளைகள் புத்தகப் பையோடு வெளியே வருகிறார்கள். சிலர் வாழைத் தோட்டத்து வரப்பு வழியே நடக்கிறார்கள். சிலர் பேருந்துக்காகப் புளியமரத்தடியில் நிற்கிறார்கள்.

இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் மின்னல் தாக்கி 2000க்கும் மேற்பட்டோர் இறப்பதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. அவர்களில் பெரும்பாலோர் திறந்தவெளியில் இருந்தவர்கள். ஆகவே எட்டாம் வகுப்பின் 'வானிலையும் காலநிலையும்', ஒன்பதாம் வகுப்பின் 'வளிமண்டலம்' ஆகிய பாடங்கள் நமக்குத் தேர்வுக்கான பாடங்கள் மட்டுமல்ல. அவற்றை வானத்தைப் பார்த்தே நடத்த முடியும் என்பது என் அனுபவம். எட்டாம் வகுப்பில் ஐந்து பாடவேளைகளும், அதன்பின் தினமும் பத்து நிமிடமும் ஒதுக்கி நான் செய்துவரும் முறையை இங்கே பகிர்கிறேன். ஆய்வகத்தில் உள்ள வெப்பநிலைமானியும் வீட்டில் உள்ள டம்ளரும் இதற்குப் போதும்.

மழைக்கு மூன்று பொருள்

இடிமழை என்பது ஒரு சமையல் என்று தொடங்கினால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். மூன்று பொருள் வேண்டும். முதலாவது, ஈரம். இரண்டாவது, கீழே சூடாகவும் மேலே குளிராகவும் இருக்கிற காற்று. மூன்றாவது, அந்தக் காற்றைத் தூக்கிவிட ஒரு கை.

நம் பள்ளத்தாக்கில் அந்தக் கை மலைதான். மேற்கே ஏலமலைத் தொடர். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவில் முல்லைப் பெரியாறு. காலை வெயில் ஏறும்போது மலைச்சரிவில் உள்ள காற்று, அதே உயரத்தில் பள்ளத்தாக்கின் நடுவில் மிதக்கும் காற்றைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று சரிவைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதனால்தான் முதல் மேகம் ஊருக்கு மேல் தோன்றாமல் மலைமுகட்டில் தோன்றுகிறது. மேற்கே கம்பம்மெட்டுப் பக்கத்தையும் கிழக்கே மேகமலைப் பக்கத்தையும் பதினொரு மணி முதல் மணிக்கொரு முறை பார்த்துக் குறிக்கச் சொன்னால், பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஈரம் கடலிலிருந்து வர வேண்டும். கிழக்குக் காற்று வங்கக் கடலின் ஈரத்தையும், மேற்குக் காற்று அரபிக் கடலின் ஈரத்தையும் கொண்டுவருகின்றன. இரு திசைக் காற்றும் சந்திக்கிற இடத்தில் காற்றுக்குப் போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. செய்தியில் 'காற்றின் திசை மாறுபடும் பகுதி நிலவுகிறது' என்று வாசிப்பது இதைத்தான். மேலே ஏறும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாக மாறும்போது, ஒரு கிலோகிராம் நீருக்குச் சுமார் 2500 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. இந்த உள்ளுறை வெப்பம் காற்றை மேலும் சூடாக்கி இன்னும் உயரத்துக்குத் தள்ளுகிறது. இடிமேகத்துக்கு எரிபொருள் இதுவே. வெயில் கொளுத்தியும் மழை வராத நாள்களில், ஈரம் இல்லை அல்லது மேலே உள்ள சூடான காற்றடுக்கு மூடி போட்டதுபோல் தடுக்கிறது என்று பொருள். 'வெக்கை அதிகமென்றால் மழை நிச்சயம்' என்ற பொதுக்கருத்தை இந்த இடத்தில் விவாதிக்கலாம். வெப்பம் மட்டும் போதாது. உடம்பில் வியர்வை காயாமல் பிசுபிசுக்கிறதே, அந்தப் புழுக்கம்தான் ஈரத்தின் அடையாளம்.

டம்ளரும் பனிக்கட்டியும்

புழுக்கத்தை எண்ணாக மாற்றுவது அடுத்த பாடவேளை. எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு தண்ணீர் எடுத்து, வெப்பநிலைமானியை வைத்து, சிறுசிறு பனிக்கட்டித் துண்டுகளாகப் போட்டுக் கரண்டியால் மெதுவாகக் கலக்க வேண்டும். டம்ளரின் வெளிப்புறம் மங்கத் தொடங்கும் நொடியில் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். பின்பு பனிக்கட்டியை எடுத்துவிட்டு, மங்கல் மறையும்போது மறுபடியும் குறித்து, இரண்டின் சராசரியைக் கண்டால் அதுவே பனிவிடு நிலை. டம்ளர் மேல் மூச்சு படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். மூச்சுக்காற்றின் ஈரம் விடையைக் கெடுத்துவிடும்.

இப்போது ஒரு கணக்கு. மேலே ஏறும் காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. அதன் பனிவிடு நிலையும் கிலோமீட்டருக்குச் சுமார் 2 டிகிரி குறைகிறது. ஆக இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு கிலோமீட்டரில் 8 டிகிரி சுருங்குகிறது. 1000 மீட்டரை 8ஆல் வகுத்தால் 125. அதாவது ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 125 மீட்டர் உயரம் ஏறினால் காற்று மேகமாகத் தொடங்கும்.

எடுத்துக்காட்டாக, பகல் வெப்பநிலை 36 டிகிரி, பனிவிடு நிலை 24 டிகிரி என்று கொள்வோம். வேறுபாடு 12. மேகத்தின் அடிப்பகுதி நமக்கு மேல் 1500 மீட்டரில் இருக்கும். கம்பம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். மேகமலை ஏறத்தாழ 1500 மீட்டர். ஆக மலைச்சரிவே காற்றை 1100 மீட்டர் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. மிச்சம் 400 மீட்டர்தான். அதே 36 டிகிரி வெயிலில் பனிவிடு நிலை 15 என்றால் வேறுபாடு 21. மேக அடி 2625 மீட்டர். மலையைத் தாண்டியும் 1500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். இரண்டு நாளும் ஒரே வெயில்தான். ஆனால் மழைக்கான வாய்ப்பு ஒன்றல்ல. இந்தக் கணக்கைப் பலகையில் போட்ட பிறகு, 'இன்னிக்கு டம்ளர் எத்தனை சார்?' என்று காலையிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

மேகத்தை வாசித்தல்

1802ஆம் ஆண்டு லூக் ஹோவர்ட் என்ற லண்டன் மருந்து வணிகர் மேகங்களுக்குப் பெயரிட்டு ஓர் உரை நிகழ்த்தினார். கீற்று, திரள், படை என்று நாம் பாடத்தில் படிப்பது அவர் வகுத்த பிரிவுகளின் தமிழ்ப் பெயர்களே. பெயரைவிட வளர்ச்சியைக் கவனிக்கச் சொல்வது நல்லது. அடி தட்டையாகவும் மேல்புறம் பஞ்சுப்பொதியாகவும் இருக்கிற திரள் மேகம் அகலத்தில் மட்டும் பரவினால் பெரும்பாலும் ஆபத்தில்லை. அகலத்தைவிட உயரத்தில் வளர்ந்து, ஓரம் காலிஃபிளவர் போல் கூர்மையாகத் தெரிந்தால், உள்ளே காற்று வேகமாக மேலே போகிறது. அந்த உச்சி தட்டையாக, கொல்லன் பட்டறைக் கல்லைப்போல் ஒரு பக்கமாகப் பரவினால் அது கார்திரள் மேகம். மேகத்தின் மேற்பகுதி பனித்துகள்களாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். பனித்துகள்களும் மென்பனிக்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் மின்னூட்டம் பிரிகிறது. ஆகவே அங்கே மின்னல் உண்டு என்று கொள்ள வேண்டும்.

ஓர் இடிமேகத்தின் ஆயுளையும் சொல்லிக்கொடுக்கலாம். 1946, 1947 ஆண்டுகளில் அமெரிக்காவின் புளோரிடா, ஒஹையோ மாநிலங்களில் விமானங்களை இடிமேகத்துக்குள் செலுத்தி ஆராய்ந்தார்கள். பையர்ஸ், பிரகாம் என்ற இரு அறிவியலாளர்கள் அதிலிருந்து மூன்று நிலைகளை விளக்கினார்கள். காற்று மேலே மட்டும் போகும் வளர்நிலை. மேலேறும் காற்றும் மழையோடு கீழிறங்கும் காற்றும் அருகருகே இருக்கும் முதிர்நிலை. கீழிறங்கும் காற்று மட்டுமே மிஞ்சும் தேய்நிலை. ஒரு தனி மேகக்கூறு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இந்த மூன்றையும் முடித்துவிடுகிறது. கீழிறங்கிய குளிர்காற்று தரையில் பரவி, பக்கத்துச் சூடான காற்றைத் தூக்கிப் புதிய மேகத்தைத் தொடங்கிவைக்கிறது. கூடலூரில் பெய்து ஓய்ந்தபின் கம்பத்தில் இருட்டிக்கொண்டு வருவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

பாட்டி தாத்தாவிடம் மழைக் குறிகளைக் கேட்டு வரச் சொல்வதும் நல்ல வீட்டுப்பாடம். எறும்பு முட்டை தூக்குவது, தட்டான் தாழப் பறப்பது, ஈசல் கிளம்புவது என்று வரிசையாகக் கொண்டுவருவார்கள். அவற்றை ஏற்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ஒரு பட்டியல் போட்டு, குறி தெரிந்த நாளில் மழை வந்ததா, குறி தெரியாத நாளிலும் வந்ததா என்று இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். அறிவியல் மனப்பான்மை என்று நாம் சொல்வது இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

'ஓரிரு இடங்களில்' என்றால் எத்தனை இடங்கள்?

'டிவியில மழைன்னாங்க, நம்ம ஊர்ல ஒரு சொட்டு இல்ல' என்ற புகார் எல்லா வகுப்பிலும் எழும். இதற்கு விடை செய்தியின் சொற்களிலேயே இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. அதன் அறிக்கைகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை. 'ஒருசில இடங்களில்' என்றால் 26 முதல் 50 விழுக்காடு வரை. ஆகவே 'ஓரிரு இடங்களில் மழை' என்று சொன்ன நாளில் நான்கில் மூன்று ஊர்களாவது நனையாமல் இருப்பது கணிப்பின் தோல்வியல்ல. கணிப்பு சொன்னதே அதுதான்.

அளவிலும் இப்படியே. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால்தான் கனமழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. கோடையில் அரைமணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் கொட்டித் தெரு ஆறாக ஓடினாலும், மறுநாள் காலை எட்டரை மணிக் கணக்கில் அது 'மிதமான மழை'யே. 'மிதமான' என்ற சொல்லைக் கேட்டு அசட்டையாக இருக்கக் கூடாது என்பதை மாணவர்கள் வழியே வீடுகளுக்கும் கொண்டுசேர்க்கலாம்.

ஏன் ஊரின் பெயரைச் சொல்லிக் கணிக்க முடிவதில்லை? கணினி மாதிரிகள் நாட்டைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. 2025 மே 26 அன்று அறிமுகமான பாரத் முன்கணிப்பு அமைப்பில் ஒரு கட்டம் 6 கிலோமீட்டர். அதற்கு முன்பு 12 கிலோமீட்டர். ஆனால் ஓர் இடிமேகக்கூறின் அகலமே சில கிலோமீட்டர்தான். தொடக்க அளவீட்டில் உள்ள மிகச் சிறிய வேறுபாடுகூடப் பெருகி முடிவையே மாற்றிவிடும் என்பதை எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். இடிமேகத்தில் இந்தப் பெருக்கம் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ரேடாருக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் கதிர் மலையில் முட்டினால் மலைக்குப் பின்னுள்ள தாழ்வான பகுதியைப் பார்க்க முடியாது. அதனால்தான் செயற்கைக்கோள் படமும், நம் கண்ணும் தேவைப்படுகின்றன.

கணிப்புக்கு மதிப்பெண்

இனி பிள்ளைகளே கணிக்கட்டும். தினமும் பகல் பன்னிரண்டரை மணிக்கு, டம்ளர் அளவையும் மேகத்தையும் பார்த்து, 'இன்று மாலை ஆறு மணிக்குள் நம் பள்ளியில் இடி கேட்கும் / கேட்காது' என்று ஒவ்வொரு குழுவும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மறுநாள் திறந்து பார்த்துச் சரிக்கு ஒரு மதிப்பெண்.

எங்கள் வகுப்பில் இதைத் தொடங்கிய சில நாள்களில் ஒரு மாணவி எழுந்து, 'சார், தினமும் கேட்காதுன்னே எழுதிட்டா நாங்கதானே ஜெயிப்போம்?' என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் கேட்டது வானிலை வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு கேள்வி. 1884இல் அமெரிக்காவில் ஜான் ஃபின்லி என்பவர் சூறாவளிச் சுழல்காற்று வருமா என்று 2803 கணிப்புகள் செய்து, 96.6 விழுக்காடு சரி என்று அறிவித்தார். அவற்றில் வரும் என்று சொல்லி வந்தவை 28. வரும் என்று சொல்லி வராதவை 72. வராது என்று சொல்லி வந்தவை 23. வராது என்று சொல்லி வராதவை 2680. கில்பர்ட் என்ற நிலவியலாளர் ஒரு கணக்குப் போட்டார். எல்லா நாளும் 'வராது' என்றே சொல்லியிருந்தால் 98.2 விழுக்காடு சரியாக இருந்திருக்கும்!

இந்த நான்கு எண்களையும் பலகையில் கட்டம் போட்டு எழுதி, விழுக்காட்டை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். 'அப்படின்னா எது சார் நல்ல கணிப்பு?' என்ற கேள்வி வந்தது. வாழைத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் பதில் சொன்னான்: 'எங்க அப்பாவுக்கு காத்து வர்ற அந்த ஒரு நாள்தானே சார் தெரியணும்? வராத நாளச் சொல்லி என்ன செய்ய?' இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. அன்று மதிப்பெண் முறையை மாற்றினோம். 'கேட்காது' என்று சொல்லிக் கேட்காத நாள்களைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, சரியாகச் சொன்ன இடி நாள்களை, மீதி மூன்று கட்டங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தோம். ஃபின்லிக்கு 28ஐ 123ஆல் வகுத்தால் 23 விழுக்காடு. எப்போதும் 'வராது' என்பவருக்குப் பூச்சியம். இது கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து நடத்தத்தக்க வகுப்பு. நிகழ்தகவுப் பாடத்துக்கு நல்ல முன்னோட்டமாகவும் அமையும்.

எந்த முடிவுக்கு எந்தக் கணிப்பு?

அந்தப் பையனின் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். மழைத்துளிகள் வறண்ட காற்றின் ஊடே விழும்போது ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கின்றன. குளிர்ந்த கனமான காற்று கீழே விழுந்து, தரையில் மோதி, நாலா பக்கமும் சீறிப் பாய்கிறது. மழைக்கு முன் முகத்தில் அடிக்கும் குளிர்ந்த காற்று இதுவே. வடஇந்தியச் சமவெளியில் 2018 மே 2 இரவு இத்தகைய இடிப்புயல்களின் காற்று புழுதியோடு வீசி, ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நம் பகுதியில் தார் சுமந்து நிற்கும் வாழை மேலோட்டமான வேர்களோடு இந்தக் காற்றைத் தாங்க வேண்டியிருக்கிறது. சில நிமிடங்களில் ஓராண்டு உழைப்பு சாய்ந்துவிடுகிறது. திராட்சைத் தோட்டத்திலும் பழுக்கும் நேரத்து மழை பழத்தை வெடிக்கச் செய்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு முன் தெரிந்தால் ஒரு தோட்டம் முழுவதற்கும் முட்டுக் கொடுக்க முடியுமா? முடியாது. அதற்கு நாள்கணக்கான முன்னறிவிப்பு வேண்டும். 'தேனி மாவட்டத்தில் இந்த வாரம் இடிமழைக்கு வாய்ப்பு' என்ற பொதுவான செய்தியே அதற்குப் போதும். பூச்சிமருந்து தெளிப்பது, உரமிடுவது ஆகியவற்றைத் தள்ளிப்போட முந்தைய நாள் அறிக்கை உதவும். மாட்டை அவிழ்த்துக் கட்டுவதற்கும், கிணற்று மோட்டாரை நிறுத்துவதற்கும், பள்ளிப் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்வதற்கும் வானிலைத் துறையின் மூன்று மணி நேர எச்சரிக்கையும் நம் கண்ணும் காதும் போதும். தொலைவு கூடக்கூடக் கணிப்பு மங்கலாகும். ஆனால் ஒவ்வொரு தொலைவுக்கும் ஒரு பயன் உண்டு. பிள்ளைகள் மூன்று பத்திகளாகப் பிரித்து, தங்கள் வீட்டில் எடுக்கும் முடிவுகளை அதில் நிரப்பட்டும்.

இடி கேட்டால்

கடைசிப் பாடவேளை பாதுகாப்புக்கானது. ஒலி மூன்று நொடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் போகும். மின்னல் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி, மூன்றால் வகுத்தால் தொலைவு. 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர். மழை விழும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் இறங்கக்கூடும். ஆகவே 30 நொடிக்குள் இடி கேட்டால் கான்கிரீட் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபின்தான் வெளியே வர வேண்டும். நம் மலைகளுக்கிடையில் இடி எதிரொலித்து உருளும். எண்ணுவதில் ஐயம் வந்தால் எண்ண வேண்டாம், உள்ளே போ என்பதே விதி. தனிமரம், தகரக் கொட்டகை, திறந்த நிழற்குடை, கம்பிவேலி ஆகியவை ஒதுங்கும் இடங்கள் அல்ல. கதவு மூடிய பேருந்து பாதுகாப்பானது. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது தவறு. அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. உடனே 108ஐ அழைத்து, மூச்சோ நாடியோ இல்லையென்றால் இதய இயக்க மீட்பு முதலுதவி செய்ய வேண்டும்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, அருகில் விழும் மின்னலைக் காட்டி எச்சரிக்கிறது. பள்ளியில் ஓர் ஆசிரியரின் கைப்பேசியிலாவது அது இருக்கட்டும். மார்ச் முதல் பள்ளி விடும் நேரத்துக்கு அரைமணி முன்பு வானத்தையும் செயலியையும் பார்த்துத் தலைமையாசிரியரிடம் சொல்லும் பொறுப்பைச் சுழற்சி முறையில் ஒரு மாணவர் குழுவுக்குக் கொடுக்கலாம். இடி கேட்கும் நாளில் பிள்ளைகள் வகுப்பறையில் காத்திருப்பார்கள் என்று பெற்றோருக்கும், வேன் ஓட்டுநருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அன்றைக்குக் குழப்பம் வராது.

இன்னொன்றும் செய்யலாம். பக்கவாட்டு நேராக உள்ள பாட்டிலை வெட்டி ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மழைமானி வைத்து, காலை எட்டரை மணி அளவைக் குறுவள மையக் குழுவில் பகிர்ந்தால், ஒரே மாலையில் ஒரு பள்ளியில் எத்தனை மில்லிமீட்டர், அடுத்த பள்ளியில் எத்தனை என்று வரைபடத்தில் குறிக்கலாம். 'ஓரிரு இடங்கள்' எவை என்று அப்போது பிள்ளைகளுக்கு விளங்கும். கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கத்து ஆசிரிய நண்பர்கள் இந்தக் கோடையில் இதைத் தொடங்கினால், பள்ளத்தாக்கின் மழையை நம் மாணவர்களே வரைந்துவிடுவார்கள்.